நூறு சதவீத இணக்கம்

அரசு மருத்துவமனையின் பதினான்காம் எண் அறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சத்தம் செத்துப்போனது. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பஸ் டிரைவர். தான் கண்டுபிடித்திருப்பது அவருக்கே தெரியாது.

பதினான்காம் எண் அறை காது பரிசோதிக்கிற அறை. அதற்குள்ளே பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு அறை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல். வருகிறவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பதினாறு வருஷமாக அந்த வெளி நாற்காலியில் இருப்பவளுக்கு மருத்துவமனை முழுக்கப் 'பீப்பக்கா' என்று பேர். "பீப்புன்னு கேட்டா அழுத்துங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னால் வேறு என்ன பேர் வரும்? வருகைப் பதிவேடு எழுதும் கிளார்க்கே அவளுடைய சொந்தப் பேரைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

பஸ் டிரைவர் வருஷா வருஷம் தகுதிச் சான்றுக்கு வருகிறவர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். டயரில் சின்னக் கல் மாட்டினால்கூட, வண்டியை நிறுத்தாமலே எந்த டயர் என்று சொல்லிவிடுவாராம். அன்றைக்கு அவர் பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. பீப்பக்கா சத்தத்தை நாற்பதுக்குக் கூட்டினாள். அறுபது. தொண்ணூறு. தொண்ணூறு என்றால் காதுக்குள் லாரி ஹாரன் அடிப்பது மாதிரி. டிரைவரோ எப்பம்மா ஆரம்பிப்பீங்க என்கிற முகத்தோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, கேட்குதா இல்லையா என்று கேட்டாள்.

"நீங்க கேக்கறது கேக்குது. இதுலதான் ஒண்ணும் கேக்கல" என்று ஹெட்போனைக் கழற்றிக் காட்டினார்.

அவள் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. கம்பியை ஆட்டினாள், வேறு ஹெட்போன் மாற்றினாள். அப்புறம்தான் திரையின் மூலையில் பச்சைப் பட்டையைக் கவனித்தாள். 'புதுப்பித்தல் வெற்றிகரமாக நிறைவேறியது. புதிய கர்னலுக்கு நல்வரவு.' அதற்குக் கீழே டிரைவருடைய முடிவு தானாகவே தயாராகியிருந்தது: இரு காதுகளிலும் மிகக் கடுமையான கேட்புத்திறன் இழப்பு. அவள் மவுஸைத் தொடுவதற்குள் அது மையப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது. யாரும் கைவைத்துத் திருத்திவிடக் கூடாது என்பதற்காகப் போன வருஷம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அனுப்பினதை அழிக்க வழி கிடையாது.

மறுநாள் காலை டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிப்போவின் பின்பக்கம் கழற்றிப் போட்டிருக்கிற பழைய சீட்டுகளுக்குக் காவல் இருக்கச் சொன்னார்கள்.

பீப்பக்காவின் தங்கை ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். போனில் அக்காவை இரண்டு வரி தட்டச்சு செய்யவைத்து, வந்த பதிலை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கர்னல் மாறியிருக்குக்கா" என்றாள். இந்தப் பக்கம் மிலிட்டரிக்காரர் யாரும் வரவில்லையே என்றாள் பீப்பக்கா. தங்கை பொறுமையாக விளக்கினாள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற அடிப்படைப் புரோகிராமுக்குத்தான் கர்னல் என்று பேர். வெளியிலிருந்து மாட்டுகிற ஒவ்வொரு கருவியையும் அந்தக் கர்னலோடு பேசவைக்கிற குட்டிப் புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். சத்தம் உண்டாக்குகிற பெட்டியின் டிரைவரைப் பழைய கர்னலுக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். புதுக் கர்னலுக்கு அளவு வேறு. அது டிரைவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. புது அளவுக்கு மறுபடி தைத்துக் கொடுத்தால் பேசும், இருபது நிமிஷ வேலை. ஆனால் அதற்கு மூலக் கடவுச்சொல் வேண்டும். அது அரசுக் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டிக் காக்கிற கணினி ஒருங்கமைப்பு இயக்ககத்தில்தான் இருக்கிறது.

அதுவரைக்கும் ஒரு வழி சொன்னாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது ஒரு விசையை அழுத்திக்கொண்டிருந்தால் பழைய கர்னலின் பேரும் ஒரு வரியாக வரும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பீப்பக்கா அப்படியே செய்தாள். ஹெட்போனில் பீப் வந்தது. டிப்போவுக்குப் போன் போட்டு டிரைவரை வரவழைத்தாள். அவர் ஒன்றுவிடாமல் அழுத்தினார், இருபது வயதுப் பிள்ளைகளுக்கே தப்பிப்போகிற மெல்லிய சத்தம்வரை. முடிவை அனுப்பினாள். பதிவேடு அதை அரை நிமிஷத்தில் திருப்பி அனுப்பியது: 'அங்கீகரிக்கப்படாத கர்னலில் கேட்கப்பட்ட ஒலி செல்லாது.'

மறுநாள் பட்டியலில் பழைய கர்னலின் வரியே இல்லை. இயக்ககத்தில் யாரோ இருந்த இடத்திலிருந்தே துடைத்து எடுத்துவிட்டார்கள். மேஜைமேல் ஒரு மெமோ கிடந்தது. அரசு உடைமையான கணினியை இரண்டு மாதம் பின்னோக்கி இயக்கியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது.

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, முறைப்படியே போவோம் என்று இயக்ககத்தின் புகார்ப் பக்கத்தில் எழுதினாள். தங்கை சொல்லிக்கொடுத்த மாதிரியே, 'டிரைவர் வேலை செய்யவில்லை' என்று. நான்காம் நாள் பதில் வந்தது, போக்குவரத்துத் துறையிலிருந்து. 'தங்கள் புகார் எங்களுக்கு மாற்றப்பட்டது. சம்பந்தப்பட்ட டிரைவர் காது கேளாமை காரணமாகப் பணியிலிருந்து விலக்கப்பட்டுள்ளார். ஆகவே அவர் வேலை செய்யவில்லை என்பது உண்மையே. புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

இரண்டாவது தடவை 'ஒலி' என்ற பிரிவில் போட்டாள். அந்தப் பிரிவில் போட்டால் சிக்கலின் ஒலியைப் பதிவு செய்து இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் நகராது. ஹெட்போனுக்குப் பக்கத்தில் போனை வைத்து இரண்டு நிமிஷ மௌனத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். பதில் அன்றைக்கே வந்துவிட்டது. 'இணைப்பை முழுமையாகக் கேட்டோம். அதில் ஒலி எதுவும் இல்லை. சிக்கல் கண்டறியப்படவில்லை.'

குரலை உயர்த்திப் பேசுகிற வழக்கம் பீப்பக்காவுக்குக் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் அவள் பாத்திரத்தைப் போட்ட போட்டில், கூடத்திலிருந்த புருஷன் டிவியை அணைத்துவிட்டு, நான் ஏதாவது பண்ணிட்டேனா என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான்.

சரியாகிறவரைக்கும் பரிசோதனையை நிறுத்திவைக்கலாம் என்று மருத்துவக் கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல டாக்டர் என்று பேர் எடுத்தவர், இப்போது நல்ல கண்காணிப்பாளர் என்று பேர் எடுத்துக்கொண்டிருப்பவர். நிறுத்தினால் மாத அறிக்கையில் பூஜ்யம் என்று போட வேண்டியிருக்கும், மூன்று மாதம் பூஜ்யம் போட்டால் அறையையே மூடிவிடுவார்கள், ஆகவே நடக்கிற மாதிரி நடக்கட்டும் என்றார்.

நடந்தது. டெலிபோன் ஆபரேட்டர் வந்தாள், செவிடானாள். லேத்துப் பட்டறைக்காரர் செவிடானார். ஒரு பாட்டு டீச்சர் வந்தார். சுருதி அரை இம்மி விலகினால்கூட முகம் சுளிக்கிறவர் பதினைந்து நிமிஷத்தில் முழுச் செவிடாகி வெளியே போனார், போகும்போது பக்கத்து அறை மின்விசிறி கீச்சிடுகிறது, எண்ணெய் போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா தன் மகளோடு வந்தாள். நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புகிறாள், சில சமயம் திரும்புவதில்லை. இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பொத்தானைக் கொடுப்பதில்லை. கையில் ஒரு மரக்குச்சியும் மடியில் ஓட்டை போட்ட பலகையும் கொடுத்து, சத்தம் கேட்டால் குச்சியைச் செருகச் சொல்வார்கள். குழந்தை விளையாட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. குச்சியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், எப்போது வரும் எப்போது வரும் என்று காத்திருந்தது. கால் மணி நேரம். ஒரு தடவைகூட ஏமாற்றிச் செருகவில்லை. வெளியே பீப்பக்கா போய்ச்சேராத சத்தங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

திரையில் முடிவு வந்தது. டிரைவருக்கு வந்த அதே கோடு, பாட்டு டீச்சருக்கு வந்த அதே கோடு.

"இவளுக்கு நெஜமாவே கேக்கலையா, இல்ல மெஷினுக்குக் கேக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் பீப்பக்கா. பதினாறு வருஷத்தில் அந்த நாற்காலியிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை அது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இயக்ககத்துக்கு நேரிலேயே கிளம்பினாள். டிரைவரும் கூட வந்தார். பழைய சீட்டுகளை ஒரு நாள் காவல் இல்லாமல் விட்டால் யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் ஓடுகிற எழுத்துப் பலகை 'நூறு சதவீத இணக்கம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் காத்திருந்த பிறகு இணக்கச் சான்று அலுவலர் கூப்பிட்டார். எந்தெந்தக் கருவி எந்தக் கர்னலோடு ஒத்துப்போகும் என்று பட்டியல் போட்டு முத்திரை குத்துவது அவர் வேலை. மெதுவாக, அன்பாகப் பேசுகிற மனிதர். பெட்டியின் எண்ணைக் கேட்டுவிட்டுப் பட்டியலில் விரலை ஓட்டினார். அந்தப் பெட்டி பட்டியலிலேயே இல்லை, இல்லாத பெட்டி வேலை செய்யவில்லை என்று எப்படிப் புகார் வாங்குவது என்று கவலைப்பட்டார். பீப்பக்கா போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டினாள். பெட்டியின் அடியில் இயக்ககத்தின் முத்திரையும் அவருடைய கையெழுத்தும் இருந்தன. தன் கையெழுத்தைச் சிறிது நேரம் பிரியமாகப் பார்த்தார்.

"அப்ப இருந்துச்சும்மா. போன மாசம்தான் எடுத்தோம். புதுக் கர்னலோட வேலை செய்யல, அதான் எடுத்துட்டோம். வேலை செய்யாததையெல்லாம் எடுத்த பிறகு பாருங்க, பட்டியல்ல இருக்கற அத்தனையும் வேலை செய்யுது. எனக்கு முன்னால இருந்தவர் காலத்துல இணக்கம் எழுபத்தொரு சதவீதம்தான். அவருக்கு எடுக்கத் தெரியல."

வேலை செய்யாது என்று தெரிந்தே கர்னலை அனுப்பினீர்களா, அனுப்புவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். சோதிக்காமல் விடுவோமா என்றார் அவர், லேசாக மனம் புண்பட்டு. மூன்று மாதம் சோதித்தார்களாம். ஆனால் சோதனைக்கூடத்தில் சத்தம் போடக் கூடாது என்று விதி இருப்பதால், ஒலி சம்பந்தப்பட்டதை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

இருபது நிமிஷ வேலை சார், கடவுச்சொல்லைக் கொடுத்தால் என் தங்கையே செய்துவிடுவாள் என்றாள்.

"மூலக் கடவுச்சொல்லா? அது யாருக்குமே தெரியாதும்மா. போட்டவர் ரிடையர் ஆயிட்டார். பாதுகாப்புன்னா அப்படித்தான் இருக்கணும்."

டிரைவர் எழுந்து நின்றார். "சார், நீங்க பேசறது ஒண்ணுவிடாம எனக்குக் கேக்குது. அதை மட்டுமாவது ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க."

அலுவலர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பீப்பக்காவிடம் திரும்பி, "ரொம்ப நாளாக் கேக்காதவங்களுக்கு உதட்டைப் பாத்தே புரிஞ்சிக்கற பழக்கம் வந்துடும். பாவம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வழியில் ஒரு இடத்தில், வண்டி ஓட்டுகிறவரின் முதுகைப் பார்த்தபடி, மூணாவது கியர் சரியா விழலை என்றார்.

அந்த மாதக் கடைசியில் மையப் பதிவேடு தன் வரைபடத்தை வெளியிட்டது. வழக்கமாக மாதத்துக்கு எட்டோ ஒன்பதோ பேருக்குக் காது போகிற ஊரில், ஆறு வாரத்தில் நூற்று நாற்பத்தாறு பேருக்குப் போயிருந்தது. மேலிடம் அதிர்ந்தது. கர்னல் மாறிய நாளில்தான் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாகன ஹாரனைச் சந்தேகித்தார்கள். அவசர உதவியாகக் காது கருவிகள் வந்து இறங்கின. பணி மூப்பு வரிசைப்படி கொடுத்தார்கள். நன்றாகக் காது கேட்கிற நூற்று இருபது பேர் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள், கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் பாட்டு டீச்சருக்கு மூன்று நாள் தலைவலி. நாலு வயதுக் குழந்தைக்குப் பணி மூப்பு ஏது? அதன் முறை வருவதற்குள் கருவிகள் தீர்ந்துவிட்டன.

ஆராய ஏழு பேர் கொண்ட குழு ஒன்றும் போட்டார்கள். புள்ளிவிவரம் இயக்ககத்தின் கம்ப்யூட்டர்களிலிருந்து வந்ததால் அதன் இயக்குநரே தலைவர். இணக்கச் சான்று அலுவலர் உறுப்பினர், கண்காணிப்பாளரும் உறுப்பினர்.

குழு பதினான்காம் எண் அறைக்கு வந்தபோது அங்கே நிற்க இடம் இல்லை. கருவி சரியில்லை என்று ஒரு வதந்தி உலவுவதாகவும், வதந்திகளை அறிவியலால்தான் வெல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, இயக்குநர் தாமே பரிசோதனைக்கு உட்காருவதாக அறிவித்தார். உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று கையசைத்தார்.

பீப்பக்கா மேஜைக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டரிலும் சத்தம் இல்லை, பெட்டியிலும் சத்தம் இல்லை, இந்தக் கம்பி மட்டும் எதற்கு என்று தோன்றியது. ஹெட்போன் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முதல் சத்தத்துக்கான விசையைத் தட்டினாள்.

இயக்குநரின் கட்டைவிரல் காத்திருந்தது. கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். அழுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ரசித்துத் தலையசைத்து, நாலு விநாடிக்கு ஒரு தரம் அழுத்திக்கொண்டே போனார். அவர் வெளியே வந்ததும் இணக்கச் சான்று அலுவலர் உள்ளே போனார். இயக்குநரைவிடத் தனக்கு நன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு அழுத்தலை விட்டுக்கொடுத்தார். மற்றவர்களும் அழுத்தினார்கள். கடைசியாகக் கண்காணிப்பாளர். அவர் முதல் இரண்டு நிமிஷம் அழுத்தவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பீப்பக்காவைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுத்த ஆரம்பித்தார்.

ஏழு பேருக்கும் அருமையான காது என்று முடிவு வந்தது.

"பழைய கர்னல்ல இந்தத் தெளிவு கிடையாது" என்றார் இயக்குநர். "குறிப்பாகக் கடைசியில் வந்த அந்த மெல்லிய ஒலி. மிகக் கவனமாக வடிவமைத்திருக்கிறோம்."

பீப்பக்கா கையில் இருந்த கம்பி முனையை உயர்த்திக் காட்டினாள். "சார், இது மாட்டவே இல்ல."

பக்கத்து அறை மின்விசிறி கீச்சிட்டது.

"ஒரு நாலு வயசுக் குழந்தை இதே நாற்காலியில கால் மணி நேரம் உக்காந்துச்சு. கேக்கல, அதனால கையை அசைக்கல. அதுக்கு இருந்த நேர்மை உங்க ஏழு பேர்ல ஒருத்தருக்கும் இல்ல." அவள் குரல் உயரவில்லை. நோயாளிக்குச் சொல்கிற அதே குரல்தான். "அந்தக் குழந்தைக்கு என்னன்னு எனக்குத் தெரியணும். இருபது நிமிஷ வேலைக்கு ஆறு வாரமா அலையறேன். எத்தனை பேர் சாப்பாட்டுல மண்ணைப் போட்டிருக்கீங்க, தெரியுமா?"

இணக்கச் சான்று அலுவலர் ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டார். என்ன குறிப்பு என்பது பத்து நாள் கழித்து அறிக்கை வந்தபோது தெரிந்தது. 'இணைப்புக் கம்பி இல்லாத நிலையிலும் ஏழு உறுப்பினர்களும் ஒலியைத் தெளிவாகக் கேட்டனர். கம்பியின்றி ஒலி கடத்தும் திறனைப் புதிய கர்னல் தானாகவே பெற்றிருப்பது பாராட்டுக்குரியது. ஊரில் கண்டறியப்பட்ட செவித்திறன் இழப்புக்குக் காரணம், பொதுமக்களுக்குப் பொத்தான் அழுத்தப் போதிய பயிற்சி இல்லாமையே.' அனுமதியின்றி அரசுக் கம்பியை அகற்றிய ஊழியரை இயக்ககத்தின் கம்பிக் கிடங்குக்கு மாற்றவும் பரிந்துரைத்திருந்தார்கள். பொறுப்பை ஒப்படைக்க ஏழு நாள்.

பயிற்சி உடனே ஆரம்பமானது. வராண்டாவில் ஒரு பெரிய தட்டி வைத்தார்கள்: 'ஒலிக்காகக் காத்திருக்க வேண்டாம். நான்கு விநாடிக்கு ஒருமுறை அழுத்தவும்.' மறு பரிசோதனை குழந்தைகளிலிருந்து தொடங்கும், குழந்தைக்குப் பதிலாகப் பெற்றோர் அழுத்தலாம் என்று வீடுகளுக்குக் கடிதமும் போனது.

தையல் கம்பெனி அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "நான் அழுத்தினா இவளுக்கு நல்லாக் கேக்குதுன்னு எழுதிடுவாங்களாம். அப்புறம் காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்ல இவள சேத்துக்க மாட்டாங்க. நான் என்னக்கா பண்றது?"

டிரைவரும் தட்டியைப் படித்துவிட்டு வந்திருந்தார். நாலு விநாடிக்கு ஒரு தரம் அழுத்தினால் மறுநாளே வண்டி கிடைத்துவிடும் என்று டிப்போவில் எல்லாரும் சொன்னார்களாம். நெஜமாவே கேக்காதவன் ஒருத்தனும் இதே மாதிரி அழுத்திட்டு எதிர்ல வண்டி ஓட்டிட்டு வருவானே, அவனுக்கு நான் எந்த ஹாரனை அடிக்கிறது என்றார். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் போக்குவரத்து விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று என்றுதான் அதில் இருக்கிறது. பதிவேடு, கர்னல் என்று ஒரு வார்த்தை இல்லை. காது கேட்காதவர் பள்ளியிலும் டாக்டர் கையெழுத்துதான் கேட்கிறார்களாம், விசாரித்துவிட்டே வந்திருந்தார்.

பீப்பக்கா அங்கேயே தங்கைக்குப் போன் போட்டாள்.

தங்கை ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு தன் மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். பெட்டியை அதில் மாட்டி, பெட்டியின் டிரைவரை மடிக்கணினியின் கர்னலுக்கு ஏற்றபடி தைக்க ஆரம்பித்தாள். பதினெட்டு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் மிச்சம் என்று அவள் சொன்னபோது பீப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சத்தமும் அளவு சரியாக இருக்கிறதா என்று ஒலி அளக்கிற மானியை வைத்துப் பார்த்துவிட்டு, கூப்பிடு என்றாள்.

கூப்பிடுகிற வேலையை டிரைவர் எடுத்துக்கொண்டார். ஊரில் எந்தத் தெருவுக்கு எந்த பஸ் என்று அவருக்குத் தெரியாதா? வீடு வீடாகப் போய் நூற்று நாற்பத்தாறு பேரையும் கூட்டிவந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை பீப்பக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. முடிவுகளைத் தன் கையாலேயே கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து வரைந்தாள்.

இரண்டாம் நாள் குழந்தை வந்தது. அதே குச்சியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. கனமான சத்தம் ஒன்றை அனுப்பினாள். குழந்தையின் முகம் மாறியது. குச்சியை ஓட்டையில் செருகிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, கண்டுபிடிச்சிட்டேன் என்பது மாதிரி. இன்னொன்று, இன்னும் கொஞ்சம் மெல்லிசாக. செருகியது. சத்தம் மேலே மேலே கீச்சென்று போகப் போகக் குச்சி கன்னத்திலேயே நின்றுவிட்டது. தொண்ணூறு வரைக்கும் கூட்டியும் அசையவில்லை.

கீழ்ச்சத்தம் கேட்கிறது, மேல்சத்தம் கேட்கவில்லை, அதனால்தான் பேச்சு அரைகுறையாகப் போய்ச் சேருகிறது, கருவி வைத்தால் பேச்சு வரும் என்று அந்த அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அவள் அழவில்லை. ஒண்ணரை மாசம் போச்சேக்கா என்று மட்டும் சொன்னாள்.

ஏழாம் நாள் கணக்குப் பார்த்தபோது நூற்று முப்பத்தெட்டுப் பேருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. எட்டுப் பேருக்கு நிஜமாகவே குறை இருந்தது. தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு பீப்பக்கா கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். முதல் தாளாகக் குழந்தையின் தாளை மேஜைமேல் வைத்தாள்.

அவர் அதைப் படித்தார். கையால் வரைந்த கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். இந்த மடிக்கணினி பட்டியலில் இல்லையே, இதில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். இதை எந்தக் கோப்பில் வைப்பது என்றார். அவள் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"அன்னிக்கு எல்லாரும் அழுத்தினாங்க" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமல். "நான் மட்டும் எப்படி..."

"நீங்க டாக்டர், சார்."

அறை வாசலில் வரிசை நின்றிருந்தது. தையல் கம்பெனி அம்மா, அவள் இடுப்பில் குழந்தை, டிரைவர், லேத்துப் பட்டறைக்காரர், டெலிபோன் ஆபரேட்டர், வராண்டா திரும்புகிற இடம்வரைக்கும் ஆட்கள். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் நகரவும் இல்லை.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்துக் குத்தினார், முதல் தடவை சரியாக விழாமல் மறுபடியும் குத்தினார். அம்மா உள்ளே வந்து தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

பீப்பக்கா அடுத்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"நூத்தி நாப்பத்தஞ்சு, சார்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள்.